மூன்று தகடுகள்

"இது இல்லன்னா கப்பல்காரன் கண்ணுக்கு நாம தெரியவே மாட்டோம் தம்பி."

மண்டபம் கரையில் ஃபைபர் படகுக் கம்பத்தில் ஓர் அலுமினியக் கூட்டைக் கட்டிக்கொண்டே சொன்னார் அந்த அண்ணன். தகடுகளைச் செங்கோணமாகச் சேர்த்த சின்னச் சாமான்.

கப்பலின் ரேடார் அலை அந்த மூலைக்குள் நுழைந்தால் மூன்று தகடுகளிலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பிவிடும். படகு தெரியாவிட்டாலும் கூடு பளிச்சென்று தெரியும்.

ரேடார் கண்ணில் படாமல் பறக்கவென்றே கட்டும் ஸ்டெல்த் விமானம் செய்வது இதற்கு நேர் எதிர்.

அதில் செங்கோண மூலையே ஆகாது. எஃப்-117 என்ற அமெரிக்க ஸ்டெல்த் விமானத்தின் வால்கள்கூட நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்தே இருக்கும். உடம்பெல்லாம் தட்டையான சாய்வு முகங்கள். சாய்த்து வைத்த கண்ணாடியில் டார்ச் அடித்தால் வெளிச்சம் நம்மிடம் திரும்பாதே, அதே கதைதான். மிச்ச அலையில் ஒரு பங்கை மேல்பூச்சு உறிஞ்சி வெப்பமாக்கிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த கூத்து வேறு. விளிம்புகளில் அலை எப்படிச் சிதறும் என்ற கணக்கை 1962-ல் புத்தகமாகப் போட்டவர் சோவியத் விஞ்ஞானி பியோத்தர் உஃபிம்ட்செவ். அதை மொழிபெயர்ப்பில் படித்துப் பயன்படுத்திக்கொண்டவர்கள் எஃப்-117-ஐக் கட்டிய அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனப் பொறியாளர்கள்! சொந்த ஊரில் எவன் மதிக்கிறான்?

அதற்காக ஸ்டெல்த் என்றால் மாயமாய் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ரேடாரின் அலைநீளம் கூடினால் இந்தச் சாய்வு வித்தை அவ்வளவாகப் பலிக்காது. 1999 மார்ச்சில் செர்பியாவில் ஓர் எஃப்-117-ஐ ஏவுகணை விட்டு வீழ்த்தினார்கள்.

அந்த ஏவுகணையும் சோவியத் சரக்குதான்.