பார்மகாலஜி பிஎச்டி: என்னைய உக்கார வச்சது எலிதான்

போன மாசம் என் பார்மகாலஜி (மருந்து உடம்புல எப்படி வேலை செய்யுதுங்கிற படிப்பு) பிஎச்டிக்கு வைவா, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வு, முடிஞ்சுது. தர்மபுரி பக்கம் ஒரு பார்மசி காலேஜ்ல பாடம் எடுத்துக்கிட்டே பார்ட் டைம்ல பண்ணேன், சேரலாமான்னு ரெண்டு மூணு பேரு கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன்.

யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 ரூல்படி குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6. பார்ட் டைம்னா வேலை பாக்குற எடத்துல என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம்) வாங்கணும். கோர்ஸ் வொர்க் (ஆரம்பத்துல படிச்சு முடிக்கிற பாடங்க) குறைஞ்சது 12 கிரெடிட், 55 பர்சன்ட் எடுக்கணும். இதெல்லாம் படிச்சா ஓடிடும்ங்க.

என் டாபிக் ஆவாரம்பூவும் சர்க்கரை நோயும். பென்னாகரம் ரோட்டோரம் பூத்துக் கெடக்கு, பொங்கல் காப்பு கட்ட எங்க ஆயா கை நிறைய ஒடிச்சிட்டு வரும், செடிக்கு என்ன பஞ்சம்னு இருந்துட்டேன். ஆனா செடிய காய வச்சு தாள்ல ஒட்டி கோயம்புத்தூர் பொட்டானிக்கல் சர்வேல குடுத்து இது ஆவாரைதான்னு எழுதி வாங்கணும். "அதச் சொல்ல கோயம்புத்தூர்க்காரன் வேணுமா"ன்னு ஆயா கேட்டுச்சு.

அடுத்து அனிமல் எதிக்ஸ் கமிட்டி, எலிய வச்சு சோதனை பண்ண அனுமதி குடுக்குறவங்க. எத்தன எலி, ஏன் அத்தன, வலி தெரியாம என்ன பண்ணுவ, கடைசில எலிய என்ன செய்வ, எல்லாம் ஃபார்ம் பி-ங்கிற விண்ணப்பத்துல எழுதணும். மத்திய அரசு நாமினி (அவங்க நியமிச்ச ஆள்) வந்தாதான் மீட்டிங், எனக்கு ரெண்டு தடவ தள்ளிப் போச்சு. அவசரப்பட்டு அப்ரூவல் இல்லாம எலியத் தொட்டுடாதீங்க, அந்த டேட்டா குப்பைக்குத்தான். சேர்ந்த முதல் மாசமே ஃபார்ம எழுத ஆரம்பிங்க, நான் கோர்ஸ் வொர்க் முடியட்டும்னு உக்காந்து ஒரு வருஷத்த விட்டேன்.

எலிக்கு சர்க்கரை வர வைக்க ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி. பிஎச் 4.5 சிட்ரேட் பஃபர்ல (லேசான அமிலக் கரைசல்) ஜில்லுனு கலக்கி உடனே போட்டுடணும், நின்னா வீணாப் போயிடும். அத ஒழுங்காத்தான் செஞ்சேன், ஆனா ராத்திரி கூண்டுல குளுக்கோஸ் தண்ணி வைக்காம தொப்பூர் இறங்குறதுக்குள்ள இருட்டிடும்னு பஸ் ஏறிட்டேன். இந்த ஊசியால கணையத்துல இன்சுலின் சுரக்குற பீட்டா செல் உடையும்போது உள்ள இருக்குற இன்சுலின் மொத்தமா கொட்டும், சர்க்கரை அதல பாதாளத்துக்குப் போயிடும்னு நானே கிளாஸ்ல சொல்லிக் குடுக்குற விஷயம். காலைல பாத்தா 4 எலி செத்துக் கெடக்கு. கூடுதல் எலிக்கு மறுபடி கமிட்டி, மறுபடி காத்திருப்பு, கைடு ஒரு வாரம் என்கிட்ட பேசல.

தீசிஸ்ல சிமிலாரிட்டி (மத்தவங்க எழுதுனதோட ஒத்துப் போற அளவு) 10 பர்சன்டுக்குள்ள இருக்கணும், எனக்கு மொதல்ல 17 காட்டுச்சு, மெத்தட்ஸ் பகுதி எல்லாரும் எழுதுற மாதிரியே இருந்ததால. ரெண்டு ராத்திரி உக்காந்து மாத்துனேன். ரெண்டு வெளி எக்ஸாமினர் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள போன் அடிச்சாலே வயிறு கலக்கும்.

வைவால நான் பயந்தது ஸ்டாடிஸ்டிக்ஸுக்கு. எக்ஸாமினர் 60-வது பக்கத்தத் தொறந்து, "இந்த 4 எலி எப்படி செத்துச்சு?"ன்னார். நடந்தத அப்படியே சொன்னேன், குளுக்கோஸ் தண்ணி, பஸ்ஸு எல்லாத்தையும். "ம்"னுட்டு அடுத்த பக்கம் திருப்பிட்டார்.