டைனமோ வெளிச்சத்தில் மின்மினி

1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. எங்கள் வகுப்பு உயர்தரம் படித்தது ஜாம் போத்தல் விளக்கில்தான். பற்றரியும் தடைப்பட்ட சாமான். அந்தக் கஷ்டங்களைப் பலர் எழுதிவிட்டார்கள். தெருவிளக்கு இல்லாத அந்த நாட்களில் மின்மினி பார்த்தது போல நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

மாரி பிறந்து வேலியோரமெல்லாம் ஆபிரிக்க நத்தை ஊர்ந்தால், விலங்கியல் மாஸ்ரர் எங்களை வளவுகளுக்குள் இறக்கிவிடுவார். நத்தை உள்ள இடத்தில் மின்மினிக் குடம்பியையும், அதாவது அதன் புழுப்பருவத்தையும், தேடவேண்டும் என்பது அவர் கணக்கு. குடம்பிக்குச் சாப்பாடே நத்தைதான். கடித்து ஒரு நீரை ஏற்றிவிடும். நத்தை அசைவில்லாமல் போகும், சதை கரையும், பிறகு உறிஞ்சிக் குடிக்கும். இதைப் பார்த்த அன்று எனக்கு இராச்சாப்பாடு இறங்கவில்லை.

பிடித்ததைப் பார்க்க வெளிச்சம் வேண்டுமே? சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு ஒருவன் கையால் பெடலைச் சுற்றுவான். டைனமோ லைற்றைக் கழற்றி இன்னொருவன் பிடிப்பான். சுற்றுகிறவன் கதையில் மயங்கினால் வெளிச்சமும் மங்கும். "சுத்தும் ஐசே!" என்று மாஸ்ரர் அதட்டுவார்.

செட்டை (சிறகு) உள்ளது வளர்ந்த மின்மினி வண்டு என்பதில் சிக்கல் இல்லை. தலையை மூடிய தொப்பி போன்ற முன்மார்புத் தகடு, அதன்கீழ் பெரிய கண்கள். பறக்கும் இனங்கள் பலவற்றில் ஆணுக்கு வயிற்றின் கடைசி இரண்டு வளையங்கள் வெளிறி ஒளிரும், பெண்ணுக்கு ஒன்றுதான்.

சிக்கல் புழு மாதிரி ஊர்வதில். சில இனங்களில் வளர்ந்த பெண்ணுக்கும் செட்டை இல்லை. குடம்பியா, பெண்ணா? "அவசரப்படாதையும், காலைப் பாரும்" என்பார் மாஸ்ரர். கால் நுனியில் ஒற்றை நகம் என்றால் குடம்பி, இரண்டு என்றால் வளர்ந்தது. கண்ணும் காட்டிக்கொடுக்கும்: குடம்பிக்குப் பக்கத்துக்கு ஒரு சின்னப் புள்ளி, பெண்ணுக்குக் கூட்டுக்கண். குடம்பியின் வெளிச்சம் வால்பக்கத்தில் இரண்டு பொட்டுத்தான்.

இலண்டன் வந்த பிறகும் அந்தப் பாடம் உதவியது. இங்குள்ள மின்மினியின் பெண்ணும் செட்டை இல்லாதவள்; ஆனி, ஆடி இரவுகளில் புல்லில் ஏறி வாலைத் திருப்பிக்கொண்டு, இடைவிடாமல் ஒளிர்ந்து ஆணை அழைப்பாள். குடம்பியின் வளைய மூலைகளில் வெளிர்நிறப் பொட்டுகள் இருக்கும், அவளுக்கு இல்லை. என் மகளுக்கு அதைக் காட்டினேன். பெடல் சுற்ற ஆள் தேவைப்படவில்லை, போன் இருக்கிறதே.

மாரியில் ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்டால் முதுகை மட்டும் படம் எடுக்காதீர்கள். வயிற்றுப் பக்கம், கால் நுனி, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம், எல்லாம் வேண்டும். ஆணும் கிடைத்தால் இன்னும் நல்லது. இனப்பெயர் சொல்லப் பெரும்பாலும் அவன்தான் வேண்டும்.