படத்தைப் பார்த்து மனநல ஆலோசகரைத் தேர்வு செய்யலாமா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவர், பதின்வயது மகனுக்கு மனநல ஆலோசகரைத் தேடும்போது, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "ரொம்பச் சின்னப் பொண்ணா இருக்குதே தம்பி, இதுக்கு என்ன தெரியும்?" என்றார். அடுத்த படத்தில் கோட்டு அணிந்திருந்தவரைப் பார்த்து, "இவரு நம்மள மதிச்சுப் பேசுவாரா?" என்று தயங்கினார். இவ்விரண்டு கேள்விகளையும் நான் ஒன்றாகக் கருதவில்லை.

முதல் கேள்விக்கு முகத்தில் விடை கிடையாது. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே அவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது என்பதையும், கூடுதல் நேரம் கொடுத்தால் அந்த முடிவு பெரிதாக மாறாமல் அதன்மீதான உறுதி மட்டும் கூடுகிறது என்பதையும் உளவியலாளர்கள் வில்லிஸ், தொதோரோவ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே தேட வேண்டியது பதிவு எண். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்று பணியாற்றுபவர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 'கவுன்சலர்' என்ற பெயரையோ குறுகிய காலப் பயிற்சி பெற்றவரும் பலகையில் எழுதிக்கொள்கிறார். எனவே என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்று கூச்சமின்றிக் கேட்கலாம்.

இரண்டாம் கேள்வி என்னை வருத்துகிறது, ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. வடசென்னை முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் குரல் மாறுவதையும், நம் பேச்சு கேலிக்குள்ளாவதையும் அனுபவித்தவர்களுக்கு, மனத்தைத் திறந்து காட்டும் இடத்திலும் அதுவே நடக்குமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. (பெண் ஒருவர் பெண் ஆலோசகரையே விரும்புவதும் இத்தகைய தேவைதான், அதை யாரும் குறை சொல்லக் கூடாது.) ஆனால் மதிப்பாரா மாட்டாரா என்பதைக் கோட்டு சொல்லாது, முதல் சில சந்திப்புகளே சொல்லும். ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையிலான உறவை உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் விளக்கியபோது, இலக்கில் உடன்பாடு, வழிமுறையில் உடன்பாடு, இருவருக்குமிடையே பிணைப்பு என்று பிரித்தார். பையன் பேசி முடிக்கும்வரை அவர் காத்திருந்தாரா, அவன் எதற்காக வந்திருக்கிறான் என்பதை அம்மாவிடம் மட்டும் கேட்காமல் அவனிடமும் கேட்டாரா என்று பார்த்தாலே இவற்றில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

கட்டணம் தடையாக இருந்தால், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். எங்கு சென்றாலும், பொருந்தவில்லை என்று தோன்றினால் அதை ஆலோசகரிடமே சொல்லிவிடலாம். வேறொருவரைப் பரிந்துரைப்பதும் அவருடைய கடமைகளில் ஒன்றுதான்.