சுண்ணக்கல்லில் மேயும் மாடுகள்

எமது கல்லூரியில் புவியியல் படிப்பித்த மாஸ்டரை என் வகுப்பாருக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஏன் ஆறு இல்லை என்று கேட்டுவிட்டு, நிலாவரைக் கிணற்றையும் கீரிமலை ஊற்றையும் வைத்தே சுண்ணக்கல் பாடம் முழுவதையும் நடத்தி முடிப்பார். மழைநீர் கல்லைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும், பிறகு நிலத்துக்குள்ளேதான் ஓட்டம். அந்தப் பாடத்தின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்துப் பரன் பிரதேசத்தில்.

பச்சைத் தீவு என்று கேள்விப்பட்டு வருபவர் திகைத்துப்போவார். எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறக் கல், படிப்படியாகக் குன்றுகள். ஏறக்குறைய 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பக் கடலின் அடியில் சிப்பியும் பவளமும் படிந்து உண்டான கல் அது. கல்லில் நீளநீளமாக வெடிப்புகள். குனிந்து பார்த்தால் ஒரு முழம் கீழே பன்னம் தழைத்திருக்கும், பக்கத்துப் புல்லில், மே மாதமென்றால், கண்ணைப் பறிக்கும் நீலத்தில் ஜென்ஷியன் பூ. ஆல்ப்ஸ் மலையில் பூக்கிற அதுவும் மத்தியதரைக்கடல் நாட்டு ஓர்க்கிட் ஒன்றும் இங்கே கடலோரம் வரை வந்து ஒன்றாகப் பூக்கின்றன. காரன் ஊரருகே டர்லொக் என்கிற குளம் இருக்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் பொங்கிக் குளமாகும், கோடையில் வந்த வழியே வடிந்துபோய்ப் புல்வெளியாகிவிடும். மாஸ்டர் பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

பொல்னபுரோன் கற்திட்டையை, அதாவது அந்தக்காலக் கல்லறையை, கட்டாயம் பார்க்கவேண்டும். நிமிர்ந்த கற்களின் மேல் சரிந்து கிடக்கும் ஒரு பெரிய பலகைக்கல், வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். 1986இல் அகழ்ந்தபோது 30க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. பாரம் சுமந்து சுமந்து மூட்டுகள் தேய்ந்திருந்தன, ஒருவரின் இடுப்பெலும்பில் கல் அம்பின் முனை குத்தியபடியே இருந்தது. அந்த ஒரு எலும்பு என்னைக் கனநேரம் யோசிக்க வைத்தது.

ஆங்கிலேயப் படைத்தலைவர் குரொம்வெல்லின் தளபதி லட்லோ 1651இல் இங்கு வந்து, ஒருவனை அமிழ்த்தத் தண்ணீரும் இல்லை, தூக்கில் போட மரமும் இல்லை, புதைக்க மண்ணும் இல்லை என்று எழுதிவைத்தார். எல்லாரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதே இடத்தில், இங்குள்ள மாடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன, பாறைகளுக்கிடையே முளைக்கும் புல் இனிப்பானது என்றும் சொல்கிறார். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான பகுதி. மற்ற இடங்களில் கோடையில் மாட்டை மலைக்கு ஏற்றுவார்கள், பரன் விவசாயிகளோ ஒக்டோபர் முடிவில், குளிர்காலத்துக்கு ஏற்றுகிறார்கள். கோடை வெயிலின் சூட்டைக் கல் வைத்திருக்கும், காலடியும் சேறாகாது. மாடுகள் காய்ந்த புல்லை மேய்ந்து தீர்ப்பதால்தான் வசந்தத்தில் பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. மேய்ச்சல் குறைந்த இடங்களை ஹேசல் புதர் மூடிவிட்டது. 2005இலிருந்து ஆய்வாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து வேலை செய்து, நிலத்தை நன்றாக வைத்திருப்பவருக்குக் கொடுப்பனவு என்ற முறைக்கு வந்தார்கள். இந்த மக்களை நான் மனதார மதிக்கிறேன்.

நெடுந்தீவுக் கல்வேலிகளைக் கண்டவர்களுக்கு, சாந்தில்லாமல் அடுக்கிய இங்குள்ள மதில்கள் சொந்த ஊர் போலிருக்கும். போவதென்றால் மே மாதம் போங்கள், ஷனன் விமான நிலையம் கிட்ட. நல்ல சப்பாத்து வேண்டும், வெடிப்பில் கால் மாட்டும். அப்புறம், வருகிறவர்கள் சிலர் கற்களைப் பெயர்த்துக் குட்டிக் கற்திட்டைகள் அடுக்கிவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை மட்டும் செய்ய விடாதீர்கள்.