மூணாறு: சரிவைப் படித்தால் ஊர் புரியும்

போடியிலிருந்து மூணாறு 70 கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் விடிந்ததும் கிளம்பிவிடுவது நல்லது. போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. அதைத் தாண்டிப் பூப்பாறை. தேவிகுளத்துக்கு முன்னால் வரும் கேப் ரோடுதான் சோதிக்கும். செங்குத்துப் பாறையை வெட்டிப் போட்ட சாலை அது. மழை வலுத்தால் கல் உருளும், வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் பூப்பாறையிலேயே திரும்பி ராஜகுமாரி, ராஜாக்காடு, குஞ்சித்தண்ணி, ஆனச்சால் வழியாகச் சுற்றிப் போகலாம்.

எஸ்டேட் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள்: பெரியவரை, வாகுவரை, சிட்டிவரை, கன்னிமலை, நல்லதண்ணி. 'வரை' என்றால் மலை. சங்கப் பாட்டில் புழங்கிய அந்தச் சொல்லை நாம் பேச்சில் விட்டுவிட்டோம். இங்கே சம்பளச் சீட்டிலும் பஸ் பலகையிலும் இன்னும் இருக்கிறது.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து இந்தக் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். முதலில் வைத்துப் பார்த்தது காப்பியும், கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரமும். 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் 50 ஏக்கர் தேயிலை போட்டார். பின்லே கம்பெனி எஸ்டேட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, 1897இல் கண்ணன் தேவன் கம்பெனியை அமைத்தது. அதன் பிறகு இங்கே ரோடு, ரயில், ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனி போட்டதுதான். 1964இல் டாடா கூட்டுச் சேர்ந்தது. 2005இலிருந்து, தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் கேடிஎச்பி (கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ்) கம்பெனி நடத்துகிறது.

ஊரின் அமைப்பு புரிய வேண்டுமானால் ஒரு சரிவை மேலிருந்து கீழே பாருங்கள். முகட்டில், புல்வெளியும் பூச்செடியும் சூழ்ந்த துரை பங்களா; அங்கிருந்து தோட்டம் முழுக்கக் கண்ணில் படும். அதற்குக் கீழே சரிவெல்லாம் தேயிலை, இடையிடையே நிழலுக்கு சில்வர் ஓக். ஃபேக்டரி பெரும்பாலும் தண்ணீருக்குப் பக்கத்தில், கொழுந்து மேலிருந்து இறங்கி வரத் தோதாக. ஃபேக்டரி அடுப்புக்கு விறகு வேண்டுமென்று தனியாக யூகலிப்டஸ் காடு. எல்லாவற்றுக்கும் கீழே, ஓடை ஓரத்து மடிப்பில், தொழிலாளர்களின் லயம்: ஒட்டு ஒட்டாக வரிசை வீடு, முன்னால் சின்னத் திண்ணை. வாசலுக்கு வெளியே கைப்பிடி அளவு மண் இருந்தாலும் பீன்ஸோ டேலியாவோ நட்டிருப்பார்கள். மூணாறிலேயே அழகான தோட்டம் எது என்று கேட்டால் நாங்கள் அதைத்தான் காட்டுவோம்.

பச்சைக் கம்பளம் விரித்த மாதிரித் தெரியும் தேயிலையைச் சும்மா விட்டால் மரமாக வளர்ந்துவிடும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, இடுப்பளவில் சமமாகப் பிடித்து வைப்பதால்தான் அந்தத் தோற்றம். கவ்வாத்து வெட்டிய பாத்தி வெறும் குச்சிக்காடாக நிற்கும். பட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பறித்த பச்சைக் கொழுந்து சுமார் நாலரை கிலோ சேர்ந்தால் ஒரு கிலோ தூள். நல்லதண்ணி மியூசியத்தில் வாட்டுவதிலிருந்து சலிப்பது வரை காட்டுகிறார்கள் (திங்கட்கிழமை விடுமுறை). அங்கே 1913இல் செய்த சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலிச் சீமை நாசரேத்தின் தொழிற்பள்ளியில் செய்தது. கொழுந்து பறிக்க வந்த பல குடும்பங்களும் அந்தச் சீமைதான்.

ஓடை ஓரத்தில் லயம் கட்டியது தண்ணீர் வசதிக்காக. மலை மேல் பெய்யும் மழை இறங்கும் வழியும் அதுவேதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். கரண்டும் போனும் அற்றுக் கிடந்ததால் வெளியே தெரிந்தது மறுநாள் காலையில். இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். ராஜமலையில் அடக்கம் செய்தார்கள். வரையாடு பார்க்க ராஜமலை போகிறவர்கள் அங்கே சற்று நின்று வாருங்கள். தலைமுறை தலைமுறையாக வேலை செய்தாலும் லயத்து வீடு சொந்தமாவதில்லை. ரிட்டயர் ஆனால், வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லையென்றால், காலி செய்ய வேண்டியதுதான். 2015 செப்டம்பரில் 'பொம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீத போனஸைக் கேட்டு வாங்கியபோது, போனஸோடு இந்த லயத்து வாழ்க்கையையும் சேர்த்தே பேசினார்கள். அவர்கள் பேசியது தமிழில்.

இனி ரயில். 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சின்னச் சக்கரம் தண்டவாளத்தில், பெரிய சக்கரம் தரையில், இழுத்தது மாடு. 1908இல் இரண்டடி அகலப் பாதையாக மாற்றி நீராவி எஞ்சின் விட்டார்கள். டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் ரயில் இறங்க முடியாத செங்குத்து. அதனால் தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிக்குப் போய், தூத்துக்குடியில் கப்பல் ஏறின. 1924 ஜூலை வெள்ளம், கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்வது, பாதையை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவேயில்லை. பழைய மூணாறு ஸ்டேஷன் கட்டடத்தில் இப்போது கம்பெனி ஆபீஸ் நடக்கிறது. 1935இல் பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் திறந்த பிறகு போக்குவரத்து கொச்சிப் பக்கம் திரும்பியது.

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் 32 கிலோமீட்டர். பதினொரு மணிக்கு மேல் மூடுபனி ஏறிவிடும், அதற்குள் போய்விடுங்கள். பார்வை மேடை இருப்பது தேனி மாவட்டத்தில். ரோடுதான் கேரளா வழி. மேடையிலிருந்து நேர் கீழே தெரிவது கொட்டகுடிப் பள்ளத்தாக்கு. அங்கிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்க நினைத்தால் முன்கூட்டியே வனத்துறை அனுமதி வாங்குங்கள். 2018 மார்ச்சில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில் காட்டுத் தீ மூண்டது. கோடையில், காய்ந்த போதைப்புல் (எளிதில் தீப்பற்றும் மலைப்புல்) நிற்கும் நாளில், அனுமதி கிடைத்தாலும் இறங்க வேண்டாம்.