காளான் அறைக்கு என்ன சுவர்?

தை, மாசியில் மன்னார்குடிப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும், சம்பா அறுத்த வைக்கோல் கொல்லைக்குக் கொல்லை போராகக் கிடக்கும். அதை நம்பித்தான் சிப்பிக் காளானில் இறங்கினேன். மார்கழியில் தொடங்கி மாசி வரைக்கும் கீற்றுக் கொட்டகையிலேயே நன்றாக வந்தது. பங்குனி பாதியில் கொட்டகைக்குள் 35 டிகிரி, வைக்கோல் அடைத்த பையில் விட்ட மொட்டெல்லாம் காய்ந்து சுருங்கிப்போயின. வெயில் காலத்துக்குப் பால் காளானுக்கு மாறலாம், அது 30 முதல் 35 டிகிரியில் நன்றாகவே வரும், நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 ரகம் அதற்காகவே இருக்கிறது. ஆனால் என்னிடம் வாங்கும் இரண்டு கடைக்காரர்களும் வருஷம் முழுக்கச் சிப்பிதான் கேட்கிறார்கள். சரி, கொல்லையில் சும்மா கிடந்த 10க்கு 12 அடி செங்கல் அறையை ஏசி வைத்து 24 டிகிரியில் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

"ஒன்பது அங்குலச் சுவர் தம்பி, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் கொத்தனார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் செங்கல் எவ்வளவு சுலபமாக வெப்பத்தை உள்ளே விடுகிறது என்று புரிந்தது: 2 அங்குலத் தெர்மோகோல் தடுக்கும் வெப்பத்தைத் தடுக்கச் செங்கல் சுவர் ஏறக்குறைய 3 அடி கனத்துக்கு வேண்டும். இருக்கிற சுவரில் 2 அங்குலம் சேர்த்தாலே சுவர் வழி வரும் வெப்பம் நாலில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், ஏசி ஓடும் நேரமும் குறையும்.

பெரியப்பா வேறு யோசனை சொன்னார். "உள்ள இன்னொரு சுவர் வச்சு நடுவுல வைக்கோலத் திணிடா, காசில்லாத வேலை." வைக்கோல் வெப்பத்தை நன்றாகவே தடுக்கும், அதில் தப்பில்லை. ஆனால் காளான் தின்பதும் வைக்கோலைத்தான், காளானைக் கெடுக்கும் பச்சைப் பூசணம் பிடிப்பதும் அதில்தான். 85, 90 சதவீத ஈரப்பதம் உள்ள அறையின் சுவருக்குள் வைக்கோலை வைத்தால், கை எட்டாத இடத்தில் நாமே பூசணத்தை வளர்ப்பதாக ஆகும். பிளைவுட்டும் அட்டைப் பலகையும் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். கண்ணாடிக் கம்பளி காய்ந்திருக்கிற வரை அருமையான பொருள், ஆனால் நனைந்துவிட்டால் ஒன்றுக்கும் உதவாது, இங்கே அது காய்ந்து இருக்கப்போவதில்லை.

டெல்டாவில் கட்டுகிற யாரும் வெயிலைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வெளியே 28 டிகிரியும் 90 சதவீத ஈரமும் இருந்தால், அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் வியர்த்துவிடும், நம் அறையோ 24. குளிர் நாட்டுக்காரர்களின் வீடியோக்களில் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்பை இன்சுலேஷனுக்கு, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் அடுக்குக்கு, உள்பக்கம் போடச் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வீட்டுக்குள்தான் சூடு. நமக்குச் சூடு வெளியே. அதனால் விரிப்பு முதலில், செங்கல்லை ஒட்டி வரவேண்டும், அதற்கு உள்ளேதான் இன்சுலேஷன். மாற்றிப் போட்டால் வெளிக்காற்றின் ஈரம் இன்சுலேஷனைத் தாண்டி வந்து விரிப்பின் பின்னால் தண்ணீராக நிற்கும்.

பொருள் என்று பார்த்தால் குளிர்பதன அறைக்குப் போடும் பஃப் பேனல்தான் சிறந்தது. இரண்டு பக்கமும் தகடு, நடுவில் எளிதில் தண்ணீர் குடிக்காத நுரை, தெர்மோகோலின் பாதிக் கனத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே அதே வேலையைச் செய்யும். விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. பழைய பேனல் கிடைக்கிறதென்று போய்ப் பார்த்தேன், ஓரங்களில் தகடு துருப்பிடித்து, ஒரே அளவுப் பேனல்களில் சில மட்டும் கனமாக இருந்தன. உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால்தான் அந்தக் கனம் வரும், விட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் தெர்மோகோல்தான். ஆனால் பொங்கலுக்கு எழுத்து வெட்டுகிற தெர்மோகோல் இல்லை. கனமீட்டருக்கு 20 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள், கேட்டதோடு நில்லாமல் தராசில் வையுங்கள்: 1 மீட்டருக்கு அரை மீட்டர், 2 அங்குலக் கனம் என்றால் அட்டை அரைக் கிலோ இருக்க வேண்டும். நான் முதலில் வாங்கியது அதில் பாதிதான் இருந்தது, திருப்பிக் கொடுத்தேன். அகலமான வாஷர் வைத்துத் திருகாணியால் பிடித்தோம், இடுக்குகளில் பியூ ஃபோம், அதாவது அடித்ததும் உப்பி இறுகும் நுரை, அடைத்தோம். மேலே பிவிசி பலகையை மைக்கா ஒட்டுகிற ரப்பர் பசையால் ஒட்டப் பார்த்தபோது, பசை பட்ட இடமெல்லாம் தெர்மோகோல் கரைந்து குழி விழுந்துவிட்டது. மூன்று அட்டை போனது. அப்புறம் அலுமினியச் சட்டம் அடித்துப் பலகையைப் பொருத்தினோம். பிவிசியை ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவலாம், பூசணம் வேர் பிடிக்க இடமில்லை.

கூரையை முதலில் செய்திருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலில் கொதிக்கும், சுவர் முழுக்க முடித்த பிறகும் மத்தியானம் அறை 32-ல் நின்றது. கூரைக்கு அடியில் 4 அங்குலம் போட்ட பிறகுதான் ஏசி மூச்சுவிட்டது. கையில் காசு குறைவென்றால் கூரையிலிருந்து தொடங்குங்கள்.

தெர்மோகோல் தீப்பிடிக்கும். வயர் முழுவதும் பைப்புக்குள், வைக்கோல் வேகவைக்கிற அடுப்பு அறையை விட்டு நல்ல தூரத்தில். கரையானும் எலியும் குடையும் என்பதால் தரையிலிருந்து ஓர் அடிக்கு வெறும் சிமெண்ட் பூச்சாகவே விட்டு, அதற்கு மேலேதான் தெர்மோகோல் தொடங்குகிறது. அடைமழையில் கொல்லையில் நிற்கும் தண்ணீருக்கும் அந்த ஓர் அடி உதவும். இவ்வளவு இறுக்கமாக மூடிய அறையில் காளான் விடும் மூச்சு தங்கிவிடும், தங்கினால் தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும். அதைத் தவிர்க்க, சுவரின் கீழ்ப்பக்கம் ஒரு வலை போட்ட துளை, மேலே ஒரு சின்ன எக்ஸாஸ்ட்.

கதவு மட்டும் பாக்கி. இரண்டு தகடுக்கு நடுவில் தெர்மோகோல் வைத்துப் பொருத்தித் தருகிறேன் என்று வெல்டிங் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார், சுற்றிலும் ரப்பர் பட்டை நான் வாங்கித் தர வேண்டும். அடுத்த வாரம் மாட்டிவிட்டால், ஆடிக்குள் முதல் 100 பை உள்ளே போய்விடும்.