ஐபீரியப் பானைப் படக் கேள்வி: விலங்கை அப்புறம் பாருங்கள்

தேர்வு முடிவு வந்துவிட்டது, பெரிய நிம்மதி. பண்டைய ஸ்பெயினின் கிழக்கு, தெற்குப் பகுதிகளில் வாழ்ந்த ஐபீரியரின் பானை ஒன்றைப் படமாகக் காட்டி, எந்தப் பாணி, என்ன பொருள் என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: ஓநாயோ மானோ கண்ணில் பட்டதும் "இது எதன் குறியீடு" என்று எழுதத் தொடங்காதீர்கள். உருவங்களுக்கு நடுவே இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்.

இலை, சுருள், அரும்பு என்று இண்டு இடுக்கெல்லாம் நிரம்பி, நடுவில் ஒரே பெரிய விலங்கோ சிறகு விரித்த பறவையோ நின்றால் எல்ச்சே-அர்ச்சேனா பாணி (தென்கிழக்கு ஸ்பெயினின் இரண்டு ஊர்களின் பெயர்). பெரும்பாலும் கி.மு. 2-1 நூற்றாண்டு. சிறிய மனித உருவங்கள் பட்டையாக ஓடி, குதிரைவீரர்கள் ஈட்டியோடு மானைத் துரத்தி, மேலே எழுத்துகளும் இருந்தால் வலென்சியாவுக்கு அருகிலுள்ள லீரியாவின் பாணி. கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் இறுதி, 2-இன் தொடக்கம்.

இந்தப் பிரிவு சரியாக விழுந்தால் பொருள் விளக்கம் தானாக வரும். லீரியாவின் வேட்டை, குதிரை வைத்திருக்கும் மேட்டுக்குடியின் பெருமை. எல்ச்சே ஓநாய் வேறு வகை: பிளந்த வாய், ரம்பம் போன்ற பற்கள், வெளியே நீளும் நாக்கு. அதைத் துரத்த யாரும் இல்லை. அதை வேட்டைக் காட்சி என்று எழுதினால் மதிப்பெண் போகும். மறுவுலகத்தோடு தொடர்புபடுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். "உறுதி" என்ற சொல் வேண்டாம். எல்ச்சேயின் தொல்லியல் களமான லா அல்குதியாவில் கிடைத்த ஒரு பானையில் இளைஞன் ஒருவன் ராட்சத ஓநாயின் நாக்கைக் கையால் பிடித்திருக்கிறான். இதைத்தான் விரிவாக எழுத வேண்டும்: வேட்டையைவிட, ஆண்மகனாகும் சோதனை என்ற வாசிப்பே இதற்குப் பொருந்துகிறது. அல்கோய் ஊரின் லா செர்ரேத்தா களத்துப் பானையையும் இளைஞனின் சோதனைகளாக வாசிக்கிறார்கள்; அதை ஒப்பிட்டால் வாதம் நிற்கும்.

வழுக்கும் இடங்கள்:
- லீரியா எழுத்துகளின் ஒலி தெரியும், மொழி புரியவில்லை. படத்துக்கு விளக்கமாக அவற்றைக் காட்டாதீர்கள்.
- வண்ணம்: வெளிர் களிமண்ணில் இரும்பு ஆக்சைடு தரும் சிவப்பு. சக்கரத்தில் வனைந்தது. ஒரு வரி போதும்.
- நேரான சுவர், அகன்ற தட்டை விளிம்பு என்றால் அது கலாதோஸ் என்ற பானை வடிவம். வடிவத்தை வைத்து மட்டும் ஊரை முடிவு செய்யாதீர்கள்; இத்தாலி வரை வணிகத்தில் போயிருக்கிறது.
- பல வண்ணத்தில் நுமான்சியா ஊரின் பானை வந்தால் அது கெல்திபேரியருடையது (ஸ்பெயினின் உள்நாட்டில் வாழ்ந்த வேறொரு மக்கள்). ஐபீரியர் தலைப்பில் சேர்த்தால் முழு விடையும் சரியும்.